முதலில் தூரத்தைக் குறையுங்கள்

வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு. இப்படி ஒரு கேம்பர்வேனில் ஜோடியாகக் கிளம்புகிறவர்கள் முதலில் குறைக்க வேண்டியது தூரத்தை. ஸ்காட்லாந்தின் வட கோடியைச் சுற்றிவரும் 'நார்த் கோஸ்ட் 500' சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 830 கிலோமீட்டர்தான். ஆனால் பல இடங்களில் ஒரு வண்டி போகத்தான் வழி. எதிரே வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும். சில சமயம் அதுவரை ரிவர்ஸ் எடுக்கவும் வேண்டும். அவசரப்பட்டால் ஓட்டுபவர் கண் சாலையில், பக்கத்திலிருப்பவர் கண் கடிகாரத்தில். கடலை யார் பார்ப்பது?

"அவ்வளவு தூரம் போய் எல்லாவற்றையும் பார்க்காமல் வருவதா?" என்று கேட்கலாம். பந்தியில் எல்லாவற்றையும் இலையில் வாங்கிக் குவிப்பவர் எதையும் ருசிப்பதில்லை. ஆகவே தூரத்தைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஊர். நாலு மணிக்கே வண்டியை நிறுத்தி, இருவருமாக டீ போட்டுக் குடியுங்கள்.