28 நாள்

கட்டுமான வழக்குன்னா நல்லா வாதாடினா ஜெயிச்சிடலாம்னு நினைச்சுதான் நானும் வந்தேன். முதல் ஆர்பிட்ரேஷன், ஒரு மின் நிலையம் கட்டின வேலை. நிலத்தை ஒப்படைக்கவே தாமதம். நியாயம் எங்க ஒப்பந்ததாரர் பக்கம். ஆனா கடிதம் இல்லை.

பல நாடுகளில் புழங்கும் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில் 20.1-ஆம் பிரிவு இருக்கு. பிரச்சினை தெரிஞ்ச 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் நோட்டீஸ் கொடுக்கணும். இல்லைன்னா கூடுதல் அவகாசமும் கிடையாது, பணமும் கிடையாது.

"உறவு கெட்டுடும்னு எழுதலை சார்" என்றார் சைட் இன்ஜினியர். தோத்தோம்.

இப்போ யார் வந்தாலும் சட்டம் பேசுறதுக்கு முன்னாடி சைட் டைரியைத்தான் கேட்பேன். இந்தத் துறைக்கு வர்றவங்க, மழை பெய்த நாளும் சிமென்ட் வராத நாளும் குறிச்ச அந்த நோட்டைப் படிக்கப் பழகுங்க. நடுவர் முன்னாடி நம்மைவிட அதுதான் அதிகம் பேசும்.