“வெறும் பிரெட் தான்டா, சாப்பிடு”

வழக்கமா இங்கே கோட், வேலை, விசா என்று ஏதாவது புலம்பிக்கிட்டு இருப்பேன். இன்னைக்கு சமையல். பிரெட் ஸ்டஃபிங் செய்த கதை. சிரிக்காதீங்க, விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி தேங்க்ஸ்கிவிங் ராத்திரி. ஒஹையோ மாநிலம் கொலம்பஸ்ல ஆபீஸ் தோழி ஒருத்தர் வீட்டில் விருந்து முடிச்சுட்டு நானும் என் ரூம்மேட்டும் கார்ல திரும்பி வர்றோம். இருபத்தஞ்சு நிமிஷ டிரைவ். அவன் ஒரு வார்த்தை பேசலை. அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல இறங்கும்போது “பரவால்லடா, விடு” என்றான். திட்டியிருந்தால்கூட நல்லா இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். 1941ல் சட்டம் போட்டு அந்த நாளை உறுதி செய்தாங்க. ஊருக்குப் போக முடியாத எங்களை மாதிரி பசங்களை அன்னைக்கு வீட்டுக்குக் கூப்பிடற நல்ல மனசு நிறைய பேருக்கு இருக்கு. நண்பன் கும்பகோணம் பக்கம், சுத்த சைவம், முட்டைகூட தொடமாட்டான். அவனைவிட நான் அமெரிக்காவுக்கு ஒரு வருஷம் சீனியர். அதனால் எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடந்துக்குவேன். மேஜையில் வான்கோழியைத் தாண்டி ஒரு கண்ணாடிப் பாத்திரம். மேலே பொன்னிறமா மொறுமொறுன்னு, உள்ளே மெத்துன்னு, வெங்காயமும் செலரியும் போட்ட பிரெட் துண்டுகள். “மச்சான், இது வெறும் பிரெட் தான்டா, சாப்பிடு” என்றேன். இரண்டு தடவை வாங்கி சாப்பிட்டான். நல்லா இருக்குன்னு பாராட்டவும் செய்தான். தோழியோட அம்மா சந்தோஷத்துல ரகசியம் சொன்னாங்க: வான்கோழியோட கழுத்து, இரைப்பை எல்லாம் காலையிலேர்ந்து கொதிக்க வெச்சு, அந்தத் தண்ணியிலதான் பிரெட்டை ஊற வைப்பாங்களாம். கூடவே இரண்டு முட்டை. நண்பன் சிரிச்சுக்கிட்டே ஸ்பூனைக் கீழே வெச்சான். (இதையெல்லாம் அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன்.)

நான் ஏன் அவ்வளவு தைரியமா சொன்னேன்? எனக்குத் தெரிஞ்ச ஸ்டஃபிங், மாணவனா இருந்தப்போ கடையில வாங்கின டப்பா ஸ்டஃபிங். வெந்நீர், வெண்ணெய், ஐந்து நிமிஷம், முடிஞ்சது. அந்த டப்பாவுக்குப் பின்னாடி ஒரு நல்ல இன்ஜினியரிங் கதை இருக்கு. ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனி 1972ல் ‘ஸ்டவ் டாப்’ என்ற பெயரில் கொண்டு வந்தது. அங்கே வேலை பார்த்த ரூத் சீம்ஸ் என்ற பெண்மணிதான் முக்கியக் காரணம். பேடண்ட் 1975ல் கிடைச்சது. அவங்க பிடிச்ச விஷயம் ரொம்ப எளிமையானது: பிரெட் தூளோட அளவு. ரொம்பப் பொடியா இருந்தா கூழாகும், ரொம்பப் பெரிசா இருந்தா நடுவில் தண்ணி போகாது. அதைப் படிச்சுட்டு எனக்கு பிரெட்டைப் பத்தி எல்லாம் தெரியும்னு நினைச்சேன். டப்பாவோட பின்பக்கம் என்னென்ன போட்டிருக்காங்கன்னு மட்டும் படிக்கலை.

இந்த வருஷம் நண்பனோட அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. அதே தோழி நாலு பேரையும் கூப்பிட்டாங்க. நண்பன் அன்னைக்கு நடந்ததை மறுநாளே அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டானாம். “தெரியாம சாப்பிட்டதுதானே, விடு”ன்னு அவங்க பெருந்தன்மையா சொல்லிட்டாங்க. ஆனா கும்பகோணம் வீட்டில் என் பெயர் “அந்த பிரெட் தம்பி”. இந்தப் பெயரை மாத்தியாகணும்.

முதல் வேலை, தோழிகிட்ட உண்மையைச் சொல்றது. அவங்களுக்கு இந்த விஷயமே தெரியாது. போன் பண்ணி, தனியா ஒரு சைவ ஸ்டஃபிங் கொண்டு வரலாமான்னு கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அப்பவே ஏன் சொல்லலை? அடுத்த வருஷமும் அதையேதானே வெச்சிருப்பேன்” என்றாங்க. அவங்க வருத்தப்பட்டது நியாயம். அன்னைக்கு ராத்திரி அவங்க அம்மா கையால எழுதின ரெசிபி அட்டையை போட்டோ எடுத்து அனுப்பினாங்க.

சரி, சமையலுக்கு வருவோம். அட்டையில இருந்தது: ஒரு பவுண்டு வெள்ளை பிரெட், அதாவது சுமார் 450 கிராம். ஒரு ஸ்டிக் வெண்ணெய், 113 கிராம். இரண்டு வெங்காயம், நாலு தண்டு செலரி, சேஜ், தைம், முட்டை இரண்டு, ஸ்டாக் இரண்டரை கப். சேஜ்தான் இதோட உயிர். அந்த வாசனை இல்லேன்னா அமெரிக்கர்கள் இதை ஸ்டஃபிங்னு ஒத்துக்கமாட்டாங்க. கறிவேப்பிலை போடலாமான்னு எனக்கும் கை அரிச்சது. போடலை. இது அந்த அம்மாவோட ரெசிபி. மாத்த வேண்டியது முட்டையும் ஸ்டாக்கும் மட்டும்தான்.

முதல் முயற்சி படு தோல்வி. “பழைய பிரெட்” என்று அட்டையில இருந்ததால, பாக்கெட்டைப் பிரிக்காம மூணு நாள் வெச்சிருந்து பயன்படுத்தினேன். வந்தது களி. அப்புறம் படிச்சப்போதான் புரிஞ்சது, பிரெட் பழசாகறது வேற, காயறது வேற. பழசாகும்போது உள்ளே இருக்கற ஸ்டார்ச் திரும்பவும் படிகமா இறுகுது. அதான் கெட்டியா தெரியுது. தண்ணி பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கு. (ஃப்ரிட்ஜ்ல வெச்சா இது இன்னும் வேகமா நடக்கும், பிரெட்டை அங்கே வெக்காதீங்க.) ஏற்கனவே தண்ணி குடிச்ச பிரெட் ஸ்டாக்கை எப்படிக் குடிக்கும்? அதனால முக்கால் அங்குலத் துண்டுகளா வெட்டி, 120 டிகிரி செல்சியஸ் ஓவன்ல முக்கால் மணி நேரம், நடுவுல ரெண்டு தடவை கிளறிவிட்டு, ரஸ்க் மாதிரி காய வைக்கணும். பிரெட் வாங்கும்போதே பின்னாடி படிச்சுடுங்க, சிலதுல முட்டை இருக்கும்.

ஸ்டாக்தான் நிஜமான சவால். கடையில கிடைக்கற வெஜிடபிள் ஸ்டாக் எனக்கு கேரட் வேகவைச்ச தண்ணி மாதிரிதான் இருந்தது. எலும்பு கொடுக்கற அந்த அடர்த்திக்கு ஈடு வேணும். கொஞ்சம் யோசிச்சு உலர்ந்த காளான் ஒரு கைப்பிடி, நல்லா கருக வதக்கின வெங்காயம், கேரட், செலரி இலை, மிளகு, பிரிஞ்சி இலை எல்லாம் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வெச்சேன். வடிகட்டி ஒரு ஸ்பூன் சோயா சாஸ். அவ்வளவுதான். பார்க்கவும் மணக்கவும் ரசத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது.

முட்டை இல்லாததால ஸ்டாக்கை மூணு கப் ஆக்கினேன். ஆனா ஒரேடியா ஊத்தக் கூடாது, இரண்டாவது முயற்சி அதனாலதான் கெட்டுது. கொஞ்சம் ஊத்தி, கிளறி, ரெண்டு நிமிஷம் விட்டு, திரும்ப ஊத்தணும். ஒரு துண்டை அழுத்தினா ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கணும், கீழே தண்ணி தேங்கக் கூடாது. வெண்ணெயில வதக்கின வெங்காயம், செலரி, சேஜ் கலந்து, 175 டிகிரில ஃபாயில் மூடி அரை மணி நேரம், திறந்து இருபது நிமிஷம். மேலே மொறுமொறுப்பு வர்றது அந்தக் கடைசி இருபது நிமிஷத்துலதான்.

பெயர் ஸ்டஃபிங், ஆனா எதுக்குள்ளேயும் ஸ்டஃப் பண்ணலையேன்னு கேட்பீங்க. பறவைக்குள்ள அடைச்சு வெச்சா, நடுவுல இருக்கற பிரெட்டும் 74 டிகிரி செல்சியஸ் தொடணும்னு அமெரிக்க விவசாயத் துறை சொல்லுது. சால்மோனெல்லா பயம். அது வரைக்கும் விட்டா நெஞ்சுக்கறி காஞ்சு போயிடும். அதனால நிறைய பேர் தனிப் பாத்திரத்துலதான் செய்யறாங்க. தென் மாநிலங்கள்ல இதையே டிரெஸ்ஸிங்னு சொல்வாங்க, அங்கே சோள பிரெட். சைவக்காரங்களுக்கு இது ஒரு வரம்.

விருந்தன்னைக்கு மூணாவது முயற்சியை எடுத்துக்கிட்டுப் போனேன். அங்கே ஓவன்ல வான்கோழி. என் பாத்திரத்தை சூடு பண்ணணுமே? தோழியோட அம்மா தானா வந்து மேல் தட்டுல, ஃபாயிலை இறுக்கி மூடி வெச்சாங்க. “கீழே வெச்சா கொழுப்பு தெறிக்கும்” என்றாங்க. மேஜைக்கு வந்ததும் அதுக்குன்னு ஒரு தனி ஸ்பூன், நீல ரிப்பன் கட்டி. நான் கேட்கவே இல்லை.

நண்பன் தட்டை எடுத்துக்கிட்டு வந்தான். பாத்திரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“ஸ்டாக் எதுலடா?”

சொன்னேன். காளான்லேர்ந்து சோயா சாஸ் வரைக்கும் ஒண்ணுவிடாம. பிரெட் பாக்கெட்டோட போட்டோவையும் போன்ல காட்டினேன். முழுசா படிச்சான். அப்புறம் முதல்ல அவங்க அம்மா தட்டுல ஒரு ஸ்பூன் வெச்சான்.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாங்க. இன்னொரு வாய். “ஏன் தம்பி, இது பிரெட் உப்புமாதானே? இதுக்கா மூணு வாரம் கஷ்டப்பட்டே?”

நண்பன் சிரிச்ச சிரிப்புல பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. தோழியோட அம்மா என்னன்னு கேட்க, உப்புமாவை இங்கிலீஷ்ல விளக்கற வேலை என் தலையில விழுந்தது. அது தனி எபிசோட்.

மிச்சத்தை அம்மா டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டாங்க. மறுநாள் காலையில நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். தோசைக்கல்லுல என் ஸ்டஃபிங், மேலே கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கீழே ஒரே வரி: “அம்மா சொல்றாங்க, இப்பதான் சரியா இருக்காம்.”

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.