இலைச்சாறு கிராஃபீன்: இதுல பச்சை எது?

சென்னையில இருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில கும்மிடிப்பூண்டி பக்கம் போனீங்கன்னா, கவரைப்பேட்டைக்குப் பக்கத்துல புதுவாயல். அந்தப் பக்கத்து கல்லூரி ஒண்ணுலதான் என் நண்பன் படிச்சான். கடைசி வருஷ ப்ராஜெக்ட், இலைச்சாறு வெச்சு கிராஃபீன். "டீ போடற மாதிரியாடா?"ன்னு சிரிச்சேன். கிட்டத்தட்ட அப்படித்தானாம்.

கிராஃபீன்னா ஒரே ஒரு அணு தடிமன் இருக்கற கார்பன் தாள். ஒரு கிராம் தாளை முழுசா விரிச்சா, கணக்குப்படி 2,630 சதுர மீட்டர். சூப்பர் கெபாசிட்டர் மின்னூட்டத்தைப் பரப்பு மேலதான் சேமிக்குது. அதனால அந்தத் துறைக்கு இதுமேல அவ்வளவு ஆசை.

பெரும்பாலும் செய்யற முறை, 1958-ல ஹம்மர்ஸ் கொடுத்தது. கிராஃபைட்டை அடர் கந்தக அமிலத்துல போட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்ப்பாங்க. கிடைக்கறது கிராஃபீன் ஆக்ஸைடு. மின்சாரம் சரியா கடத்தாது. அதுல ஒட்டியிருக்கற ஆக்ஸிஜனைக் கழட்டணும். அதுக்கு ஹைட்ரசீன் போடுவாங்க. நச்சு, ராக்கெட் எரிபொருளாவும் ஓடற சாமான். அந்த இடத்துலதான் இலை வருது. தேயிலையில பாலிஃபீனால், நெல்லிக்காயில வைட்டமின் சி. ரெண்டுமே எலக்ட்ரானைக் கொடுத்து ஆக்ஸிஜனைக் கழட்டும். பாலிஃபீனால் தாள்மேல ஒட்டிக்கிட்டு, தாள்கள் ஒண்ணோட ஒண்ணு மறுபடி அடுக்காம தடுக்கவும் செய்யும். ஆனா இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் சாறு மாறும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பொருள் வரவைக்கறதுதான் பெரிய தலைவலி.

வைவாவுல ஒரு பேராசிரியர் அமைதியா கேட்டாராம்: "தம்பி, கழுவின தண்ணி எங்க போச்சு?"

அமிலமும் மாங்கனீஸும் கலந்த தண்ணி. அமிலத்தன்மை போற வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவணும். இலை மாத்தினது கடைசிப் படியை மட்டும்தான். முதல் படி அப்படியே 1958-லதான் நிக்குது. லேப்ல அது ஒரு பக்கெட். கொஞ்சம் வடக்க இருக்கற சிப்காட்ல ஒரு தொழிற்சாலையா நினைச்சுப் பாருங்க. நிலத்தடி நீரைக் குடிக்கற ஊருக்கு அது சின்னக் கேள்வி இல்ல.

முதல் படியையே தாண்டற வழியும் இருக்கு. ஐஐடி மெட்ராஸ்ல பிரதீப் குழு 2012-ல சர்க்கரையை மணல் மேல பூசி, சூடாக்கி, கிராஃபீன் மாதிரி பொருள் செஞ்சாங்க. அது தண்ணி சுத்திகரிக்க. சேமிப்புக்குன்னா, கடையில விக்கற சூப்பர் கெபாசிட்டர் பலதுல இன்னிக்கும் இருக்கறது கொட்டாங்குச்சிக் கரிதான். கிராஃபீன் இல்ல, பேரும் கவர்ச்சியா இல்ல. ஆனா வேலை செய்யுது.

நண்பன் அந்தக் கேள்விக்கு அன்னிக்கு பதில் சொல்லல. ரிப்போர்ட்டுல மட்டும் ஒரு பக்கம் கூட்டினான். தலைப்பு: கழுவுநீர்.