முடக்குவாதமும் முன்வினையும்



காலையில் விரல் மடங்காமல் ஒரு மணி நேரம் விறைத்துக் கிடக்கிற முடக்குவாதத்தை முன்வினைப் பயன் என்கிறார்கள். அப்படியானால் அது ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாய்ப் பிடிப்பானேன்? பாவமெல்லாம் பெண்கள்தானா செய்தார்கள்? உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது, இதுதான் சங்கதி.

1948-ல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்கிற டாக்டர், நடக்கமாட்டாத ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் நடந்தாள். 1950-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. ஆனால் அதை நெடுநாள் உபயோகித்தால் எலும்பு பலமிழக்கும், சர்க்கரை ஏறும். ரகசியச் சூரணம் விற்கிற சிலர் இந்த ஸ்டீராய்டு வகையைத்தான் கலந்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளே நோவு பறக்கிற மகிமை அதுதான்!

இன்று டாக்டர்கள் முதலில் கொடுப்பது மெதோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிடவேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இரத்தப் பரிசோதனையும் வேண்டும். குணம் தெரியப் பல வாரம் ஆகும், பாதியில் விடக்கூடாது. மூட்டு கோணிப்போனபின் அதை நிமிர்த்த மாத்திரை கிடையாது.

விடியற்காலையில் குடம் தூக்க முடியாத மருமகளைச் சோம்பேறி என்கிற மாமியார்மார்களே, அவள் விரல் கணுக்களைத் தொட்டுப் பாருங்கள். வீங்கியிருந்தால் இந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.