விமானியாக விழையும் இளைஞர்க்கு



பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியவர், வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். பணம் கட்டுமுன் மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள். விளம்பரம் கண்டு மயங்காதீர்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, பயிற்றுநர் எத்தனை பேர், முன்பு சேர்ந்தோர் எத்தனை மாதங்களில் 200 மணியை முடித்தனர் என்று அங்குப் பயில்வோரையே கேளுங்கள். நம் பெற்றோர் கடன்பட்டுக் கட்டும் பணம் அது. பயிற்சி தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வட்டி வளரும். ஆதலால் முழுத்தொகையையும் ஒருங்கே செலுத்தாதீர்கள்.

உத்தரப் பிரதேசத்து ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி இயங்குகிறது. அங்கு நுழைவுத்தேர்வு உண்டு. நமக்கு இட ஒதுக்கீடும் உண்டு. முதலில் அக்கதவைத் தட்டுங்கள். அது சலுகையன்று, உரிமை.