டேங்க் சுமப்பவர் கையில் ஓர் அட்டை



திருவண்ணாமலை செங்கம் சாலையில் உள்ள இந்த ஆசிரமத்தைச் சுற்றி எத்தனை விடுதிகள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றில் ஒன்றில் கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால், வருகிறவரின் நிறுவனத்துக்கு அரசு உரிமம் இருக்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. உரிமம் கேட்பவர் வேளாண்மையிலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்றிருக்க வேண்டும். அது போதாதென்று, மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போல விதியிலேயே பெயர் குறித்திருக்கும் இடம் ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் எடுத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். இப்போது இதே சாலையில் நாலு கல் தள்ளிப் போங்கள். நிலக்கடலைக் கொல்லையில் கம்பளிப்புழுவுக்கோ கத்தரித் தோட்டத்தில் காய்ப்புழுவுக்கோ ஒருவர் மருந்து அடித்துக்கொண்டிருப்பார். முதுகில் 16 லிட்டர் டேங்க், மடித்துக் கட்டிய லுங்கி, வெறுங்கால், மூக்கை மறைக்க ஒரு துண்டு. ஒரு டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. அவரிடம் சான்று கேட்பவர் கிடையாது. அவருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவரும் கிடையாது. நாலு சுவருக்குள் கரப்பானைக் கொல்ல 15 நாள் பயிற்சி, திறந்தவெளியில் ஏக்கர் ஏக்கராக அடிக்க ஒரு நாள் பயிற்சிகூட வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்? இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். கூலிக்கு மருந்து அடிக்கிற ஒவ்வொருவருக்கும் பயிற்சி கொடுத்து ஓர் அட்டை தர வேண்டும். அந்தப் பயிற்சிக்கான பொறுப்பும் செலவும் மருந்தைச் செய்கிறவர், விற்கிறவர், வேலைக்கு அமர்த்துகிறவர் தலையில் விழ வேண்டும்.

சட்டம் ஏன் இவரைப் பார்க்கவில்லை என்று கேட்டால், அது பிறந்த கதைக்குப் போக வேண்டும். 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பாரத்தியான் என்ற மருந்தோடு ஒரே கப்பலில் ஏற்றி வந்த கோதுமை மாவில் விஷம் கசிந்திருந்தது. நம் ஊர்ப் பேச்சில் ‘பாலிடாயில்’ என்று இன்றும் வழங்குகிறதே, அதே மருந்து. நீதிபதி ஷா தலைமையில் விசாரணை நடந்தது. பத்து ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது. உணவில் விஷம் கலந்துவிடுமே என்ற பயத்தில் பிறந்த சட்டம் அது. ஆகையால் புட்டி எங்கே தயாராகிறது, எங்கே அடுக்கப்படுகிறது, யார் விற்கிறார் என்று பார்த்தது. புட்டியைத் திறந்த பிறகு என்ன ஆகிறது என்ற இடத்தில் அதன் பார்வை மங்கிவிட்டது. 38ஆம் பிரிவு, தன் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தான் பயிரிடும் நிலத்துக்கும் மருந்து பயன்படுத்துகிறவரை இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கிவிட்டது. சொந்த நிலத்துக்காரரை விட்டதில் நியாயம் உண்டு. கூலிக்கு அடிக்கிறவரோ தன் நிலத்தில் அடிக்கவில்லையே! 1971ஆம் ஆண்டு விதிகளைப் படித்தால், ‘பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணி’ என்பதற்கான விளக்கத்தில் வயலில் வணிக நோக்கில் செய்வதும் சேர்ந்தே வருகிறது. ஏட்டில் வயலும் உண்டு. நடைமுறையில் விடுதியும் கிடங்கும் மட்டும். கூலிக்காரர் ஏட்டுக்கும் நடைமுறைக்கும் நடுவே விழுந்து கிடக்கிறார்.

விழுந்து கிடப்பதன் விலை என்னவென்று 2017இல் நாடு பார்த்தது. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் சில மாதங்களுக்குள் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். யாரும் குடிக்கவில்லை. மூச்சிலும் தோலிலும் ஏறிய விஷம். அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் செத்தார்கள். விதி இல்லாமலா இது நடந்தது? 37ஆம் விதியைப் பாருங்கள். தெளிப்பு வேலையில் மருந்தோடு தொடர்பு கொள்கிறவரை வேலைக்கு முன்பும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்தானால் மாதம் ஒரு முறை ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு எடுக்க வேண்டும். அந்த வகை மருந்து நரம்பைத் தாக்கும் வழியே இந்த நொதியை முடக்குவதுதான். அளவு இறங்குவது ஆள் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். 39ஆம் விதி பாதுகாப்பு உடை பற்றியது. 42ஆம் விதி, தயாரிப்பாளரும் விற்பனையாளரும் பணியாளர்களுக்குத் தகுந்த பயிற்சி ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. இத்தனையும் இருக்கிறது. ஆனால் யாருக்குச் செய்ய வேண்டும் என்று பெயர்ப் பட்டியல் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்கு யார் ரத்தம் எடுப்பார்கள்? அதனால்தான் அட்டை என்கிறேன். அட்டை கொடுத்தால் பெயர் பதிவாகும். பெயர் பதிவானால் 37ஆம் விதிக்கு முதல் முறையாக ஒரு முகம் கிடைக்கும்.

நம் அரசுகளுக்குப் பயிற்சியில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. பூச்சிமருந்துக்கடை வைப்பவருக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்று 2015இல் விதியைத் திருத்தினார்கள். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்காக ஐதராபாத்தின் ‘மேனேஜ்’ நிறுவனம் 2003 முதல் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அடுத்து டிரோன் வந்தது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி வயலில் மருந்து தெளிக்கும் டிரோனை ஓட்டச் சான்றிதழ் வேண்டும். சுய உதவிக் குழுப் பெண்களுக்கான டிரோன் திட்டத்தில் 15 நாள் பயிற்சி. ஆக, புட்டியை விற்பவர் படிக்க வேண்டும். வரப்பில் நின்றுகொண்டு பத்து லிட்டர் டேங்கைத் தூரத்தில் பறக்கவிடுபவர் படிக்க வேண்டும். பதினாறு லிட்டரைத் தன் முதுகெலும்போடு கட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள்ளேயே நடப்பவர் மட்டும் படிக்க வேண்டாம். இயந்திரத்துக்குச் சேதம் வரும் என்றால் பயிற்சி கொடுக்கிறோம், ஐயா! வெளிநாட்டில் இது புதிதல்ல. அமெரிக்கா 1972இலேயே சட்டத்தைத் திருத்தி, கடுமையான மருந்துகளைச் சான்று பெற்றவரோ அவருடைய நேரடி மேற்பார்வையில் வேலை செய்பவரோதான் பயன்படுத்தலாம் என்று வைத்தது. தேர்வை மாநிலங்கள் நடத்துகின்றன. பழகுநர் எவர், யார் பொறுப்பில் பழகுகிறார் என்பது வரை விதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் தொழில்முறைப் பயன்பாட்டாளர் அனைவருக்கும் பயிற்சிச் சான்று என்று ஆணை இட்டது. அங்கே பெரிய பண்ணை, படித்த உழவர், இங்கே அது முடியுமா என்று கேட்பீர்கள். அப்படியே எடுத்து ஒட்ட வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டு நாள் பயிற்சி, தமிழில், வயலிலேயே.

அதில் என்ன கற்றுத் தருவது? புட்டியில் ஒட்டிய சீட்டில் இருக்கும் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் படிக்கச் சொல்லித் தரலாம். சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அடுத்தது, பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. எழுத்துத் தெரியாதவரும் நிறம் பார்ப்பார். ஆனால் பச்சை என்றால் பயிருக்கு நல்லது, சிவப்பு என்றால் வீரியம் அதிகம் என்று நினைத்து வாங்குகிறவர் உண்டென்றால், அந்தத் தவறு அவருடையதா? காற்றுக்கு முதுகு காட்டி அடிப்பது, அடைத்த நாசிலை வாயால் ஊதாமல் இருப்பது, இரண்டு மருந்தைத் தன் விருப்பத்துக்குக் கலக்காமல் இருப்பது, மருத்துவமனைக்குப் போகும்போது காலிப் புட்டியைக் கையோடு எடுத்துப் போவது. இவ்வளவுதான் பாடம். கலக்கிக் கொடுக்கிற, தண்ணீர் சுமக்கிற பெண்களையும் அந்த வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அடர்த்தியான மருந்து முதலில் படுவது அவர்கள் கையில்தான். இடத்துக்கும் பஞ்சமில்லை. நம் மாவட்டத்தில் வாழவச்சனூரில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, இன்னோர் அட்டை என்றால் இன்னொரு மேசை, இன்னொரு மேசை என்றால் இன்னொரு லஞ்சம் என்பது. இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். கேட்பவர் அனுபவத்தில் கேட்கிறார். அதனால்தான் இதை மறுக்கக்கூடிய அனுமதியாக வைக்க வேண்டாம் என்கிறேன். இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்தவருக்கு அங்கேயே, கட்டணமின்றி, கல்லூரி கொடுக்கட்டும். அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை. இரண்டாவது மறுப்பு சிறு விவசாயியின் சுமை பற்றியது. சொந்தக் கொல்லையில் தானே அடிப்பவரை 38ஆம் பிரிவு விட்டிருப்பது அப்படியே இருக்கட்டும். கூலிக்கு அடிப்பவர், அதிலும் சிவப்பும் மஞ்சளும் அடிப்பவர் என்ற அளவில் தொடங்கலாம்.

மூன்றாவது மறுப்பு வெயில். சித்திரை வெயிலில் அந்த உடையையும் முகமூடியையும் போட்டுக்கொண்டு யார் அடிப்பார்கள், அடித்தால் மருந்துக்கு முன் வெக்கையே ஆளைக் கொன்றுவிடும் என்கிறார்கள். உண்மைதான். இதற்கான பதிலை உலக உணவு, வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட நடத்தை நெறியே சொல்லிவிட்டது. அசௌகரியமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், அதிலும் வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளும் கூலிகளும் பயன்படுத்தும் இடத்தில் என்கிறது அது. அதாவது, உடை போட முடியாத ஊரில் அந்த மருந்தையே விற்கக் கூடாது. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலை 2023இல் மத்திய அரசு தடை செய்தது. தற்கொலைகளைத் தடுக்க ஆறு மருந்துகளைத் தமிழக அரசு 60 நாள் நிறுத்தி வைத்ததும் அந்தக் காலத்தில்தான். தடை வேண்டிய இடத்தில் தடை. மிச்சமிருப்பதற்குப் பயிற்சி.

நான்காவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரியது. அட்டை கொடுத்துவிட்டால் நாளைக்கு ஒருவர் விழுந்ததும், ‘பயிற்சி கொடுத்தோமே, அவன்தான் கேட்கவில்லை’ என்று கை கழுவிவிடுவார்கள். யவத்மாலிலும் உறை போடவில்லை, அளவு தெரியவில்லை என்று செத்தவர் மேலேயே பழி போட்டார்கள். ஆகவே சட்ட வாசகம் ஒன்றில் உறுதியாக இருக்க வேண்டும்: அட்டை இல்லாமல் அடித்தால் தண்டனை அடித்தவருக்கு இல்லை, அமர்த்தியவருக்கு. பயிற்சி நடக்காத வட்டத்தில் கேள்வி கேட்க வேண்டியது 42ஆம் விதியை மறந்த தயாரிப்பாளரையும் விற்பனையாளரையும். கடை உரிமம் வைத்திருப்பவரிடம், இந்த ஆண்டு எத்தனை பேருக்குப் பயிற்சி ஏற்பாடு செய்தீர்கள் என்று கேட்கட்டும்.

இந்தப் பக்கத்து நண்பர்கள் பலர் இயற்கை வேளாண்மைக்காரர்கள். விஷமே வேண்டாம் என்கிற இடத்தில் விஷம் அடிக்கப் பயிற்சியா என்று முகம் சுளிப்பது தெரிகிறது. இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வார் காட்டிய வழியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தமிழ்நாடு 2023இல் இயற்கை வேளாண்மைக் கொள்கையும் வெளியிட்டது. ஆனால் விஷமே இல்லாத அந்த நாள் வரும்வரை நாளைக் காலை டேங்க் மாட்டப் போகிறவரிடம் நாம் என்ன சொல்வது? காத்திரு என்றா?

மத்தியச் சட்டம் மாறட்டும் என்று இருந்தால் இருந்துகொண்டே இருக்கலாம். 2008இலும் 2020இலும் மாநிலங்களவைக்கு வந்த பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதாக்கள் சட்டமாகவில்லை. மாநில அரசு இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 26ஆம் பிரிவின்படி, மருந்தால் நேரும் ஒவ்வொரு நச்சுப் பாதிப்பையும் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை வெளியிடும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். விடுதி நடத்துகிறவர்களே, கரப்பான் மருந்துக்காரரிடம் கேட்கும் அதே உரிமக் கேள்வியை, உங்கள் சமையலறைக்குக் கத்தரிக்காய் தருகிற ஊரின் மருந்துக்கடையிலும் கேளுங்கள். உழவர்களே, கூலிக்கு மருந்து அடிப்போருக்கு இலவசப் பயிற்சியும் அட்டையும் வேண்டும் என்று ஒரே ஒரு வரித் தீர்மானத்தைக் கிராம சபையில் எழுதி வையுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது.