கரும்பலகையில் எழுதிய விலை



யாருடைய நினைவைப் போற்றும் பொருட்டு இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை நிறுவப்பட்டுள்ளதோ அந்த ஆசிரியர், தம்மைப் புகழ்ந்து எவரும் மேடையில் பேசலாகாது என்று தம் வாழ்நாளிலேயே கண்டித்துச் சொல்லிச் சென்றவர். ஆதலால் அவர் பெயரைச் சொல்லாமல், அவர் நாள்தோறும் செய்துவந்த ஒரு சிறு காரியத்திலிருந்து என் பேச்சைத் தொடங்குகிறேன். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பெடாஸ் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில், பலகைச் சுவர் வைத்த ஒரே அறையில் எல்லா வகுப்புகளையும் உட்காரவைத்துக் கற்பித்த அவர், காலைப் பிரார்த்தனை முடிந்ததும் முதல்நாள் தபாலில் வந்த 'தமிழ் நேசன்' நாளிதழைப் பிரித்து, அதில் அச்சாகியிருந்த ரப்பர் விலையைக் கரும்பலகையின் வலது மூலையில் எழுதுவார். அன்றைய கணக்குப் பாடம் முழுவதும் அந்த எண்ணிலிருந்தே பிறக்கும். அப்பா கொண்டுவந்த பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை ராத்தல், அதன் விலை என்ன, அப்பாவுக்கு வந்த கூலி என்ன, மிச்சம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே வருவார், கடைசியில், "அந்த மிச்சம் எங்கே போயிற்று?" என்பார். கழித்தல் கணக்கு எங்களுக்கு வந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. அவரும் விடை சொல்லித் தந்ததில்லை. அந்த விடையைத் தேடிய யாத்திரையே இன்றைய சொற்பொழிவு.

இவ்வூரின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவன் தென்னமெரிக்காவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காடுகளிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் அங்கே தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பரிசோதித்து நிலைநாட்டினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் வியாபாரத்துக்கென்றே ரப்பரைப் பயிரிட்டார். பிறகு மோட்டார் வண்டி வந்தது. சக்கரத்துக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தலின் விலை பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டிற்று. பெடாஸ் அடங்கிய ரெம்பாவ் மாவட்டத்தின் மேட்டு நிலங்களில் காடழித்துத் தோட்டம் போட்டதற்கும், தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களின் வயல்வெளிகளிலிருந்து நம் முன்னோர் கப்பலேறியதற்கும் அந்த எண்ணே மூலகாரணம்.

உலக வியாபாரம் சரக்கை ஒரே விலையால் அளக்கிறது. ஆனால் அச்சரக்கை விளைவிக்கிற மனிதர்கள் உடைமை, கடன், வாக்கு என்பவற்றை வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கிறார்கள். பெடாஸைப் போல இவ்வுண்மையைப் பிரத்தியட்சமாகக் காட்டும் இடம் வேறொன்று இருக்குமா என்று நான் ஐயுறுகிறேன்.

முதலில் நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். சுமாத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய இம்மாநிலத்து மலாய் மக்கள், அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபைப் பின்பற்றுகிறவர்கள். பூர்விக வயலும் வீட்டு மனையும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மருமகனாக வருகிறவன் மனைவியின் வீட்டில் குடியிருப்பான். அந்நிலம் அவளுடையது என்று சொன்னாலும், அவள் அதைத் தன் இஷ்டப்படி விற்க முடியாது. 'சூக்கு' என்னும் அவள் குலமே அதற்கு உரிமையுடையது. பிரிட்டிஷ் அதிகாரிகள் பட்டா முறையைக் கொண்டுவந்தபோது இந்த வழக்கத்தைக் கண்டு திகைத்து, பின்னர் 1909-இல் வழக்காற்று நிலவுரிமைச் சட்டமாகவே அதை எழுதிவைத்தார்கள். ரப்பர் விலை உயர்ந்த காலத்தில் ரெம்பாவ் மக்கள் அதன் ஆதாயத்தை வேண்டாமென்று தள்ளிவிடவில்லை. புதிதாகக் காடு திருத்தி, 'சாரியான்' எனப்படும் சம்பாதித்த நிலத்தில் ரப்பர் நட்டார்கள். அதைக் கணவனும் மனைவியும் பங்கிடலாம், விற்கலாம். பாட்டி விட்டுப்போன நெல்வயலை மட்டும் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. சந்தையோடு எவ்வளவு தூரம் போவது, எங்கே நிற்பது என்று ஒரு கோடு கிழித்துக்கொண்ட இந்த விவேகத்தை, பொருளாதார நூல்கள் பல பிற்போக்கு என்று எழுதியிருக்கின்றன. அந்த அபிப்பிராயம் தவறானது என்பது என் முடிவு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து நம்மவரான நகரத்தார் எனப்படும் செட்டியார்கள். செட்டிநாட்டிலிருந்து மூன்று ஆண்டுத் தவணையில் கடல் கடந்து வந்த, முதலாளியின் முகவரான மேலாள், கிட்டங்கியில் ஒரு பாயும் ஒரு கைப்பெட்டியுமே தம் இடமாகக் கொண்டு தொழில் நடத்தினார். அவருக்கு உதவியாக அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். முதலாளியின் பெயர்க்குறியான விலாசம் ஒரு கடையின் உயிர். அந்த விலாசத்தில் எழுதிய உண்டியலைப் பினாங்கிலும் ரங்கூனிலும் கொழும்பிலும் எந்தச் செட்டியாரும் மறுவார்த்தையின்றி ஏற்றார். பேரேட்டில் வரவும் பற்றும் பிசகாமல் இருக்கும். தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புவார். ஆதாயத்தில் மகமை கோயிலுக்குப் போகும். வெள்ளைக்கார பாங்கி ஏறெடுத்தும் பாராத சிறு தோட்டக்காரனுக்கும், சீனக் கடைக்காரனுக்கும், சம்பளத் தேதிக்குள் பணம் முடிந்துபோன அரசாங்கக் குமாஸ்தாவுக்கும் கடன் கொடுத்தவர் அவரே. ஆனால் அவருடைய அளவுகோலில் நிலம் என்பது ஈடு. கடன் திரும்பாவிட்டால் ஈடு கைமாற வேண்டும். அதுவே வாக்கு, அதுவே நாணயம். ரெம்பாவ் பெண்மணியின் அளவுகோலிலோ நிலம் என்பது இறந்துபோன தாய்மாருக்கும் பிறக்கப்போகும் பெண்களுக்கும் இடையே தன் கையில் சிறிது காலம் தங்கியிருக்கும் ஒரு பொருள். இவ்விரண்டும் மோதாமல் இருக்க முடியுமா? 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்து, அந்நிலம் பிறர் கைக்கு மாறுவதைத் தடுத்தது. 1933-இல் அது திருத்தப்பட்டபோது அந்நிலத்தைப் பிறரிடம் ஈடுவைப்பதும் அடைபட்டது. செட்டியார்கள் இதை வாக்குத் தவறிய செயல் என்று மனம் நொந்தார்கள். மலாய்க்காரர்கள் இதைக் குலத்தைக் காத்த செயல் என்று நிம்மதி கொண்டார்கள். இருவரும் அவரவர் தர்மத்தைத்தான் பேசினார்கள். அன்று ஒருவர் மொழியில் 'ஈடு' என்பதற்கு என்ன பொருள், மற்றவர் மொழியில் பூர்விகச் சொத்தைக் குறிக்கும் 'புசாகா' என்பதற்கு என்ன பொருள் என்று எடுத்துச் சொல்ல ஒரு மனிதர் இருந்திருந்தால், கசப்பில் பாதியாவது குறைந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவதாக, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்களாகிய நாம். நமக்கு நிலமும் இல்லை, ஈடும் இல்லை, பங்குப் பத்திரமும் இல்லை. இருந்தது உறவு ஒன்றே. தோட்டத்துரை அந்த உறவையே தொழில் கருவியாக்கினார். கங்காணி தன் ஊருக்குப் போய், மாமன், மச்சான், பங்காளி என்று கூப்பிட்டு ஆள் சேர்த்தான். வழிச்செலவு முன்பணமாகப் பேரில் ஏறிற்று. அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பல் கட்டணத்தைத் தாங்கிய பிறகும், மாமன் சொல்லைத் தட்டமுடியாத அந்தக் கட்டு அறுந்துவிடவில்லை. அந்நிய நாட்டு மக்களின் கலாசாரத்தை அறிந்து தொழில் நடத்த வேண்டுமென்று இக்காலத்தில் வியாபாரக் கல்லூரிகள் போதிக்கின்றன. அந்தப் பாடத்தில் தோட்டத்துரைமார் நூறாண்டுகளுக்கு முன்பே தேர்ந்தவர்கள். இளம் துரை தமிழ் படித்துத் தேர்வெழுதுவது அன்றைய வழக்கம். 'கூலித் தமிழ்' என்றே பெயரிட்டுக் கையேடுகள் அச்சாயின. வா, போ, வெட்டு, நிறுத்து என்னும் ஏவல் ஒருமை வினைகளால் நிறைந்த தமிழ் அது. மரியாதைப் பன்மையை அந்தத் தமிழில் தேடவேண்டியதில்லை. ஒரு சமூகத்தின் மொழியை அறிவது வேறு, அச்சமூகத்தை மதிப்பது வேறு என்பதற்குப் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் விடியுமுன் ஒலித்த அந்தத் தமிழைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

அறியாமையால் கெட்டவர்களும் உண்டு. ரப்பர் விலையைத் தாங்கிப் பிடிக்க 1922 முதல் 1928 வரை பிரிட்டிஷார் நடத்திய ஸ்டீவன்சன் திட்டத்தால் எரிச்சலுற்ற அமெரிக்கர், தமக்கென்று தோட்டம் தேடினர். ஹென்றி ஃபோர்டு 1928-இல் பிரேசிலின் காட்டில் 'ஃபோர்ட்லாண்டியா' என்ற நகரத்தையே உண்டாக்கினார். வெப்பநாட்டுத் தொழிலாளிக்கு மிச்சிகன் நாட்டு உணவும், மிச்சிகன் நாட்டு வீடும், சங்கு ஊதும் நேரமும் விதிக்கப்பட்டன. 1930 டிசம்பரில் சாப்பாட்டுக் கூடத்தில் மூண்ட கலகத்தில் நேரம் பதிக்கும் கடிகாரங்களைத் தொழிலாளர் அடித்து நொறுக்கினார்கள். நெருக்கமாய் நட்ட மரங்களை இலைக்கருகல் நோய் அழித்தது. 1945-இல் ஃபோர்டு கம்பெனி எல்லாவற்றையும் பிரேசில் அரசாங்கத்திடமே விட்டுவிட்டது. அங்கே பிறர் வாழ்க்கையை அறியாததால் தோட்டம் அழிந்தது. இங்கே நன்றாக அறிந்திருந்ததால் தோட்டம் தழைத்தது. ஆனால் தழைத்த தோட்டத்தில் அறியப்பட்டவனுக்கு என்ன கிடைத்தது?

அதற்கு விடை உலகப் பொருளாதார மந்த காலத்தில் தெரிந்தது. 1932-இல் லண்டன் விலை ராத்தலுக்கு இரண்டு பென்ஸுக்கும் கீழே விழுந்தது. லண்டனிலிருந்த பங்குதாரருக்கு லாபப் பங்கு நின்றது. செட்டியாருக்குக் கடன் வசூலாகாமல், வேண்டாத நிலம் கையில் தங்கியது. ரெம்பாவ் பெண்மணி சாரியான் நிலத்து ரப்பரை வெட்டாமல் விட்டுவிட்டுப் பூர்விக வயலில் இறங்கி நெல் நட்டாள். விற்கமுடியாத நிலம் அவளுக்குச் சோறு போட்டது. அவள் கிழித்த கோட்டை விவேகம் என்று நான் சொன்னது இதனால்தான். தமிழ்த் தொழிலாளிக்கோ ஒதுங்க ஒரு சாண் நிலம் இல்லை. அந்தச் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்களுக்குப் பின்னர் நிலைத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கே வந்து விசாரித்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது ஒழிய வேண்டுமென்று தம் அறிக்கையில் எழுதினார். 1938-இல் விலை மறுபடி தளர்ந்து கூலியும் வெட்டப்பட்டபோது, இந்திய சர்க்கார், உதவி பெற்ற குடியேற்றத்தை அடியோடு தடைசெய்தது.

இது பழங்கதை என்று இளைஞர்கள் நினைக்கலாகாது. இந்நாடு இன்று உலகிலேயே மிகுதியாக ரப்பர்க் கையுறை ஏற்றுமதி செய்கிறது. 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியக் கையுறை நிறுவனமொன்றின் சரக்கைத் தடுத்து நிறுத்தியது. வேலைக்கு வருமுன்பே வங்காளதேசத்திலும் நேபாளத்திலும் தரகர்களுக்குக் கொடுத்த பணத்தால் தொழிலாளர் கடனில் மூழ்கி, அக்கடனாலேயே கட்டுண்டு கிடந்தார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. அந்நிறுவனம் பதின்மூன்று கோடி வெள்ளிக்கு மேல் அவர்களுக்குத் திருப்பித் தர ஒப்பிய பின், 2021-இல் தடை நீங்கிற்று. முன்பணம் பேரில் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், நம் ஊர்க் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளை எந்த ஒருமை வினையில் விளிக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, ஆசிரியரின் கடைசிக் கேள்வி. மிச்சம் எங்கே போயிற்று என்றால், பங்கு யாரிடம் இருந்ததோ அங்கே போயிற்று. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினார்கள். லயம் கலைந்தது, கோயிலும் பள்ளியும் அநாதையாயின. துண்டாடலால் விளைந்த கேட்டைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆராய்ந்து எழுதினார். அந்தச் சமயத்தில்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவந்த துன் சம்பந்தன், தோட்டம் தோட்டமாய் நடந்து, மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று பேசினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உதயமாயிற்று. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் அதன் முதல் தோட்டம். ஒட்டுப்பால் பொறுக்கிய கைகள் பங்குச் சீட்டில் ரேகை வைத்தன. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில் தோட்டங்களை உடைய பிரிட்டிஷ் கத்ரி கம்பெனியின் பங்குகளை மலேசியர் வாங்கிக் குவித்ததை உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பெண்கள், பிறரிடமிருந்து பறித்து அல்ல, பத்துப் பத்து வெள்ளியாய்ச் சேர்த்தே உடைமை என்பதற்கு அர்த்தம் கண்டார்கள். இவ்வட்டாரத்துத் தமிழர் செய்த உலக வியாபாரத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது அதுவே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பாட்டியின் கூட்டுறவுப் பங்குச் சீட்டோ, செக்ரோல் என்ற வருகைப் பதிவுத் துண்டோ, ரஜுலா கப்பலின் பயணச் சீட்டோ, மளிகைக் கடைக்காரரின் பற்றுப் புத்தகமோ இருந்தால், கரையான் தின்னுமுன் அதை இப்பள்ளி நூலகத்தில் கொண்டுவந்து சேருங்கள். ஆசிரியர்மார்களே, பிள்ளைகளுக்கு அதைக் கணக்குப் பாடமாக நடத்துங்கள். வலது மூலையில் அன்றைய விலையை எழுதிவிட்டு, அந்தக் கடைசிக் கேள்வியையும் கேளுங்கள்.